குவெட்டிக்கோ போகத் திட்டமிடுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறைக்குப் போய்வர ஏற்ற இடங்கள் என்ற பட்டியல்களில் வடமேற்கு ஒன்ராறியோவின் குவெட்டிக்கோ மாகாணப் பூங்காவும் வருகிறது. கட்டாயம் பார்க்கவேண்டிய காடுதான், ஆனால் நீண்ட வார இறுதிக்குள் அடங்காது. ரொறன்ரோவிலிருந்து தண்டர் பே சுமார் 1,400 கிலோமீற்றர். அங்கிருந்து 11ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே இன்னும் இரண்டு மணி நேரம். வாகனம் நிறுத்திக் கூடாரம் அடிக்கும் முகாம் பிரெஞ்ச் ஏரிக்கரையில் மட்டுமே உண்டு. அதற்கப்பால் 2,000க்கும் மேற்பட்ட ஏரிகள். கனூ என்னும் ஒடுங்கிய சிறு படகில் துடுப்புப் போட்டே போகவேண்டும்.

இந்த ஏரிகளிடையே இரவு தங்குவதற்கான உட்காட்டு அனுமதிக்கு முன்பதிவு ஐந்து மாதம் முன்பே தொடங்கிவிடும். எந்த வாசலால், எந்த நாளில் நுழைவது என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. உள்ளே எங்கே தங்குவது என்பது உங்கள் விருப்பம். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது. பெரிய குடும்பங்கள் இதை முதலிலேயே யோசிக்கவேண்டும்.

திட்டம் பிழைப்பது பெரும்பாலும் போட்டேஜ் கணக்கில்தான். போட்டேஜ் என்பது ஏரிக்கும் ஏரிக்கும் இடையிலான நடைபாதை; அதில் கனூவையும் மூட்டைகளையும் தோளில் காவவேண்டும். கெவ்லார் என்னும் செயற்கை இழையில் செய்த, பாரம் குறைந்த கனூவே ஏறக்குறைய 20 கிலோ. சாமான்களை இரண்டு தடவையாகக் காவினால் ஒரே பாதையை மூன்று முறை நடக்கிறீர்கள். 600 மீற்றர் 1.8 கிலோமீற்றராகிவிடும், அதுவும் சேற்றிலும் பாறையிலும். அமெரிக்க வரைபடங்கள் இத்தூரத்தை ரொட் கணக்கில் தருகின்றன. ஒரு ரொட் சுமார் 5 மீற்றர். அதை மீற்றர் என்று வாசித்தவரின் பாடு அன்று பெரும்பாடு.

பிரெஞ்ச் ஏரியிலிருந்து ஆற்றுவழியாகப் பிக்கரெல் ஏரிக்குப் போகப் போட்டேஜே இல்லை. புதியவர்களுக்கு அதுவே நல்ல தொடக்கம். ஆனால் பிக்கரெல் நீண்ட ஏரி; மேற்குக் காற்று எழும்பினால் அலை கனூவுக்குள் அடிக்கும். விடியவே வெளிக்கிட்டு, கரையோரமாகப் போய், மதியத்துக்குள் முகாம் அடியுங்கள். நாளுக்கு 10, 12 கிலோமீற்றர் போதும். ஐந்து நாள் பயணத்தில் ஒரு நாளைக் காற்றுக்கென்றே ஒதுக்குங்கள். உயிர்காப்பு அங்கி எப்போதும் உடம்பில் இருக்கவேண்டும்.

சாப்பாட்டில் எங்களவர் தடுமாறும் விதி ஒன்று உண்டு: எரிக்கவோ திரும்பப் பாவிக்கவோ முடியாத உணவுக் கொள்கலன்களை உட்காட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது. ரின் மீனும், ரின்னில் அடைத்த தேங்காய்ப்பாலும் வீட்டிலேயே நிற்கட்டும். தேங்காய்ப்பால் மா, வறுத்த அரிசிமா, விரைவில் அவியும் மைசூர்ப் பருப்பு, திரும்பப் பாவிக்கும் டப்பாவில் கட்டைச் சம்பல் போதும், பாரமும் குறைவு. கருவாடு வேண்டவே வேண்டாம், அதன் மணம் கரடியைக் கூட்டிவரும். பற்பசை உட்பட மணமுள்ள எல்லாவற்றையும் இரவில் கூடாரத்துக்குத் தூரத்தில், நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீற்றர் தள்ளித் தொங்கவிடவேண்டும். தீத்தடை வந்தால் விறகு மூட்டமுடியாது, ஆகவே சிறிய அடுப்பு அவசியம். விமானத்தில் அதன் எரிபொருளை ஏற்றமாட்டார்கள். தண்டர் பேயில் வாங்குங்கள்.

ஜூனில் கறுப்பு ஈயும் நுளம்பும் பாடாய்ப்படுத்தும். ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை நல்ல காலம். மீன் பிடிப்பதானால் தூண்டில் கொளுவியில் எதிர்முள் இருக்கக்கூடாது. செயற்கை இரை மட்டுமே.

உள்ளே கைப்பேசியை நம்பமுடியாது. செய்மதித் தொடர்புக் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். போகும் வழி, தங்க நினைக்கும் ஏரிகள், வெளியே வரும் நாள், எத்தனை மணிக்குப் பிறகு பொலிசாரை அழைப்பது ஆகியவற்றை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். கோடையில் பூங்காவுக்கு அருகிலுள்ள அட்டிகோகன் என்ற ஊரின் நேரம் ரொறன்ரோவுக்கு ஒரு மணி பின். எந்த ஊர் நேரம் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
ஸ்காபரோ