பருத்தித்துறையிலிருந்து வன்னி சுற்றிவரும் துவிச்சக்கரவண்டிப் பயணம்: நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த ஊரவர்களுக்கும் புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் வணக்கம்.

வருகின்ற மாசி மாதத்தில் எமது இளைஞர்களும் யுவதிகளுமாக முப்பது பேர், பருத்தித்துறைத் தெருமூடிமடத்திலிருந்து புறப்பட்டு, சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, பரந்தன் வழியாகச் சென்று, ஆனையிறவினூடாக ஊர் திரும்பவுள்ளனர். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை ஏழு நாட்களில் துவிச்சக்கரவண்டியிலேயே கடக்கவுள்ளோம். மாசியில் மழை விட்டிருக்கும்; குளங்களில் நீர் நிற்கும்; சோளகமும் எழும்பியிராது.

தெருமூடிமடத்தைத் தொடக்கமாகத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வீதிக்கு மேலே கூரையிட்டு, இருமருங்கும் திண்ணை அமைத்து, வழிப்போக்கர் இளைப்பாறவென்று கட்டப்பட்ட மடம் அது. மடமும் கேணியும், வயிற்றில் பிள்ளையுடன் இறந்த பெண்ணின் நினைவாக உறவினர் நாட்டிய சுமைதாங்கியும், முன்பின் அறியாதவருக்காகச் செய்யப்பட்ட தருமங்களே. எமது பிள்ளைகள் விடுதிகளில் தங்கப்போவதில்லை. ஒவ்வொரு இரவும் ஒரு கிராமத்தின் சனசமூக நிலையத்தில் தங்கி, அவ்வூர்ப் பெண்கள் சமைக்கும் உணவை உரிய விலை கொடுத்து உண்பார்கள்.

துவிச்சக்கரவண்டியின் அருமையை எமது மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் நோயாளியையும் விறகையும் நெல் மூட்டையையும் சுமந்தது அதுவே. 2022 இல் எரிபொருளுக்கு வரிசை நீண்டபோது மீண்டும் வீதிக்கு வந்ததும் அதுவே. தட்டுப்பாடு வரும்போது மட்டும் அதைத் தேடாமல், அன்றாடப் பழக்கமாகவே வைத்திருக்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து.

பயணத்தின் பெரும்பகுதி நீரைப் பற்றியதாக அமையும். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லின் உள்ளே மழை இறக்கிவிட்ட நீரையே நாம் கிணறுகளில் அள்ளுகிறோம். தோட்டங்களில் அளவின்றி இடும் உரத்தின் நைத்திரேற்றும் அந்நீரிலேயே கலக்கிறது. அருவியாற்றை மறித்த தேக்கத்திலிருந்து கால்வாய் வழியே நிரம்பும், மன்னார் மாவட்டத்துக் கட்டுக்கரைக் குளத்தின் கரையில் நின்று, அங்குள்ள விவசாயிகள் நீரைப் பங்கிடும் முறையை அவர்கள் வாயாலேயே கேட்டறிவது எமது பிள்ளைகளுக்கு அவசியமான கல்வி. தங்கும் ஊர்களில் அவ்வூரவருடன் சேர்ந்து கேணி தூர்வாரும் சிரமதானமும் நடைபெறும்.

மொத்தச் செலவு 450,000 ரூபாயென மதிப்பிட்டுள்ளோம். அதில் பாதிக்கு மேற்பட்ட தொகை பயணிகளுக்கானதன்று. தங்கும் ஆறு சனசமூக நிலையங்களிலும் காற்றடிக்கும் பம், நட்டுக் கழற்றும் சாவிகள், ரியூப் ஒட்டும் பொருட்கள் அடங்கிய பெட்டியொன்றை விட்டுவருவதற்கானது அது. தூரத்துப் பாடசாலைக்குச் சைக்கிளில் போகும் பிள்ளை, காற்றுப்போன ரயருடன் வெயிலில் உருட்டிக்கொண்டு நடக்கும் நிலையை நாம் நேரில் கண்டிருக்கிறோம். எஞ்சிய பணம் உணவுக்கும் முதலுதவிக்கும் பின்தொடரும் ஒரேயொரு வாகனத்துக்கும் செலவாகும்.

நூறு ரூபாயாயினும் மனமுவந்து ஏற்போம். ஒவ்வொரு தொகைக்கும் பொருளாளர் பற்றுச்சீட்டு வழங்குவார். பயணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் கணக்கறிக்கை வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். பணமாகத் தர இயலாதவர்கள், வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பம், சாவி, நல்ல நிலையிலுள்ள ரயர் ஆகியவற்றைத் தை மாத முடிவுக்குள் வாசிகசாலையில் ஒப்படைக்குமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.

இங்ஙனம்,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்