தொற்றுக்காலப் பணியில் மேயருக்கும் மாமன்றத்துக்கும் சட்டப்படியான இடம் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
மாநகராட்சி வார்டு ஒன்றின் குடியிருப்போர்,
தமிழ்நாடு.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தில் மேயரை உறுப்பினராகச் சேர்த்தல் மற்றும் தொற்றுக்காலத்தில் மேயர், மாமன்ற உறுப்பினர்களின் கடமைகளை விதிகளில் வரையறுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். 2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டின் எந்த மாநகராட்சியிலும் மேயர் இல்லை. முந்தைய மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்த பிறகு தனி அலுவலர்களே நிர்வாகத்தை நடத்தி வந்தார்கள். 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்து, மார்ச் 4 அன்று மேயர்கள் தேர்ந்தெடுக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. கொரோனாவின் முதல் அலையையும், 2021 கோடையின் கொடிய இரண்டாம் அலையையும், 2022 ஜனவரியில் வந்த ஒமைக்ரான் அலையையும் நகர மக்களாகிய நாங்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லாமலே கடந்தோம். அதே காலத்தில் 27 மாவட்டங்களின் கிராமங்களில், 2019 டிசம்பர் தேர்தலில் வென்ற ஊராட்சித் தலைவர்கள் பொறுப்பில் இருந்தார்கள்.

அந்நாட்களில் பணியாற்றிய அலுவலர்களைக் குறை கூறுவதற்காக இம்மனுவை எழுதவில்லை. தூய்மைப் பணியாளர்களும், வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்த களப்பணியாளர்களும், காய்ச்சல் முகாம்களில் நின்ற செவிலியர்களும் தங்கள் உயிரைப் பொருட்படுத்தாமல் உழைத்ததை எங்கள் கண்ணால் பார்த்தோம். எங்களுக்கு இல்லாமல் போனது வேறொன்று. அதை ஒரு நிகழ்வின் மூலமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம்.

2020 ஜூன் மாதம் எங்கள் தெருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருவருக்குத் தொற்று உறுதியானதும் அதன் வாசலில் கம்பு நட்டுத் தகரம் அடித்தார்கள். அதே கட்டடத்தின் முதல் மாடியில், தொற்று இல்லாத, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்தாக வேண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய மகள் மாடிப்படியில் உட்கார்ந்து காலையிலிருந்து தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தார். ஒவ்வோர் எண்ணிலும் பணிவாகப் பதில் சொல்லி இன்னோர் எண்ணைக் கொடுத்தார்கள். பிற்பகலில், பதவிக்காலம் முடிந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த எங்கள் முன்னாள் மாமன்ற உறுப்பினர் தகரத்துக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார். அவரிடம் அதிகாரம் எதுவும் இல்லை. தமக்குத் தெரிந்த சுகாதார ஆய்வாளரை அழைத்து, "முன்னாள் கவுன்சிலர் பேசுகிறேன், ஒரு நிமிடம் கேளுங்கள்" என்று கெஞ்சினார். மாலையில் இரண்டு தகரங்களைக் கழற்றி, பெரியவரை நாற்காலியோடு தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். தகரம் அடித்தவர்கள் தங்களுக்கு வந்த உத்தரவைத்தான் நிறைவேற்றினார்கள்; அந்த வீட்டின் நிலைமை வேறு என்று உத்தரவு பிறப்பித்தவரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு மட்டும் அன்று யாரிடமும் இருக்கவில்லை. ஒரு நல்ல மனிதரின் பழைய பழக்கத்தை நம்பித்தான் ஓர் உயிர் இருந்தது என்பதை இன்று நினைத்தாலும் எங்களுக்கு நடுக்கமாக இருக்கிறது.

2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்கள் கல்லாலும் கட்டையாலும் தாக்கப்பட்டு, அவருடைய சக மருத்துவரே நள்ளிரவில் மண்ணைத் தள்ளி அடக்கம் செய்ய நேர்ந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அதன் பிறகே அவ்வாறு தடுப்போருக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. அச்சட்டம் தேவையானதுதான். ஆனால் இறந்தவரின் உடலிலிருந்து ஊருக்குத் தொற்று பரவிவிடும் என்ற பீதியைத் தண்டனை தணிக்காது. மக்களுக்கு முகம் தெரிந்த ஒருவர் முன்னதாகவே தெருவுக்கு வந்து, தாமும் பக்கத்தில் நின்று விளக்கினால்தான் அது தணியும். மேயரும் அந்தந்த வார்டு உறுப்பினரும் செய்ய வேண்டிய பணி அது.

செய்து காட்டிய ஊர்களும் உண்டு. மும்பை மேயராக இருந்த கிஷோரி பெட்னேகர் முன்பு செவிலியராகப் பணியாற்றியவர். 2020 ஏப்ரலில் அவர் செவிலியர் சீருடை அணிந்து மாநகராட்சியின் நாயர் மருத்துவமனைக்குச் சென்று, அங்கிருந்த செவிலியர்களுக்குத் துணை நின்றார். கேரளத்தில் ஊரடங்கின் தொடக்கத்திலேயே உள்ளாட்சி அமைப்புகள் சமூக சமையலறைகளைத் திறந்தன. எந்த வீட்டில் சமைக்க ஆளில்லை, யார் கேட்கக் கூச்சப்படுவார் என்பதை அறிந்த வார்டு உறுப்பினர்கள் இருந்ததால் உணவு சேர வேண்டிய வாசலுக்குச் சேர்ந்தது.

இனி சட்டத்தின் நிலைக்கு வருகிறோம். அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை பொதுச் சுகாதாரத்தையும், இடுகாடு, சுடுகாடு பராமரிப்பையும் நகராட்சிகளுக்குரிய பணிகளாகவே குறிப்பிடுகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியரைத் தலைவராக்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதியை இணைத் தலைவராக்கியது. ஆனால் 2025ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி மாநிலத் தலைநகரிலும் மாநகராட்சி உள்ள நகரங்களிலும் அமையக்கூடிய நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தில் மாநகராட்சி ஆணையர் தலைவர், மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவர். மேயருக்கு அதில் தானாகவே கிடைக்கும் இடம் எதுவும் இல்லை. மற்ற உறுப்பினர்களைக் குறிப்பிடும் உரிமை மட்டும் மாநில அரசிடம் விடப்பட்டுள்ளது. எங்கள் கோரிக்கை முழுவதும் அந்த உரிமையை நம்பியே வைக்கப்படுகிறது.

எனவே, தமிழ்நாட்டில் அமையும் ஒவ்வொரு நகர்ப்புற ஆணையத்திலும் மேயரையும், மண்டலக் குழுத் தலைவர்களுள் ஒருவரையேனும் உறுப்பினர்களாகக் குறிப்பிட, வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையுடன் கலந்து ஆணை பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆணையரின் அதிகாரத்தைக் குறைக்க நாங்கள் கேட்கவில்லை. படுக்கை, ஆக்சிஜன், தடுப்பூசி ஆகியவற்றின் முடிவுகளை அலுவலர்களும் மருத்துவர்களும்தான் எடுக்க வேண்டும். அந்த முடிவுகள் தெருவில் எவ்வாறு இறங்குகின்றன என்பதைத் திரும்பச் சொல்லவும், மக்களுக்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்ட ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அத்துடன், தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகளில் தொற்றுக்காலக் கடமைகளுக்கெனத் தனிப் பகுதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். தொடர் சிகிச்சையில் இருப்போர், தனியாக வாழும் முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வார்டுவாரிப் பட்டியலை நோய் வருவதற்கு முன்பே மாமன்ற உறுப்பினர் தயாராக வைத்திருப்பதும், தெரு அடைக்கப்படும்போது விலக்குக் கோரும் மனுவை அன்றைய தினமே அலுவலரிடம் எழுத்தில் சேர்ப்பதும், அதன் மீது எடுத்த முடிவை மேயர் மாமன்றக் கூட்டத்தில் தெரிவிப்பதும் அதில் இடம்பெற வேண்டும். அப்பட்டியலில் உள்ளவர்களின் நோய் விவரம் சுவரில் ஒட்டப்படாமலும் கைமாறாமலும் காக்கப்படுவதற்கும் அதே விதியில் உறுதி தர வேண்டும். முதல் அலையில் வீட்டு வாசலில் ஒட்டப்பட்ட அறிவிப்புகளால் அண்டை அயலார் பேசாமல் போன குடும்பங்கள் எங்கள் வார்டிலேயே உண்டு.

2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் நகரங்களில் முதன்முறையாக, வார்டின் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அவை தவறாமல் கூடவும், தொற்று காரணமாக மக்கள் ஒன்றுகூட இயலாத நாட்களில் தொலைபேசி வழியாகவேனும் அவற்றின் கருத்தைப் பெறவும் வழிசெய்ய வேண்டுகிறோம்.

இறுதியாக, 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243யு பிரிவு சொல்கிறது. கேரளம் 2020 டிசம்பரில், தொற்றின் நடுவிலேயே, உள்ளாட்சித் தேர்தலை நடத்தியது. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு முதலான முன்பணிகளில் தங்கள் துறையின் பங்கைக் காலத்தே முடித்து, தனி அலுவலர் நியமனத்துக்கே தேவை எழாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், விதிகளின் வரைவு தயாரானால் அதை இறுதி செய்யும் முன் பொதுமக்களின் கருத்துக்கு வெளியிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வார்டு குடியிருப்போர்

நகல்: அரசுச் செயலாளர், வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.