‘சமாதானமாப் போங்கம்மா’ என்றால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நர்சிங் மாணவிகளின் மன அழுத்தம் பற்றிப் பேசும் பலரும் அவர்களுக்குள் மூளும் சண்டைகளை ஹாஸ்டல் விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் சென்னையில் நர்சிங் டியூட்டராக இருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

கிளினிக்கல் போஸ்டிங்கில், அதாவது மருத்துவமனை வார்டில் நடக்கும் பயிற்சியில், இருந்த இரண்டு மாணவிகள். காலை டியூட்டிப் பெண் ஒரு நோயாளியின் சிறுநீர் அளவை சார்ட்டில் குறிக்காமல் போய்விட்டாள். ரவுண்ட்ஸில் திட்டு வாங்கியவளோ அடுத்த டியூட்டிக்கு வந்தவள். ஒரே அறையில் இருந்தும் அன்றோடு பேச்சு நின்றது. “விடுங்கம்மா, சமாதானமாப் போங்க” என்று வார்டு சிஸ்டர் முடித்துவைத்தார். மறுநாள் டியூட்டி மாறும்போது ஒருத்தி கேஸ் ஷீட்டை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள். மற்றவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் விடியற்காலையிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது மதியம்தான் தெரிந்தது. இவர்களுடைய கோபத்துக்கு அவர் என்ன செய்வார்?

அடக்கமான பெண் என்று நாம் பாராட்டுவது பல நேரம் வாயை மூடிக்கொள்பவளைத்தான். சீனியர் தவறான மருந்தை எடுப்பதைப் பார்த்தாலும் “அக்கா, ஒரு தடவை பாத்துடுங்க” என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழாது.

1990-லேயே பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற உளவியலாளர்கள் உணர்வுசார் நுண்ணறிவை, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து நடந்துகொள்வதை, ஒரு திறனாக வரையறுத்துவிட்டார்கள். திறன் என்றால் பழக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பி.எஸ்சி. பாடத்திட்டத்தில், பிறரோடு பேசிப் பழகக் கற்றுத்தரும் மென்திறன் (சாஃப்ட் ஸ்கில்ஸ்) 20 மணி நேர விருப்பப் பாடம். மனித விழுமியங்கள், நீரிழிவு பராமரிப்பு, மென்திறன் மூன்றில் ஒன்றை எடுத்தால் போதும். முதல் செமஸ்டர் உளவியலிலும் கொஞ்சம் வருகிறது. ஆனால் வார்டில் அடிபடாத வயதில் படித்தது தேர்வோடு போய்விடும்.

கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். போஸ்டிங் நாட்களில் டியூட்டி முடிந்ததும் அரைமணி நேரம் டியூட்டருடன் உட்காரவையுங்கள். அன்று எங்கே உரசல் வந்தது, யார் எதற்குப் புண்பட்டார்கள் என்று சம்பந்தப்பட்டவர்களே முகம் பார்த்துப் பேசட்டும். அங்கே பேசியது இன்டர்னல் மார்க்கைத் தொடாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அது இல்லாமல் எந்த மாணவியும் வாய் திறக்க மாட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்சிங் டியூட்டர்,
பெரம்பூர், சென்னை.