விளையாட்டுச் செய்தியையும் நீதிமன்றச் செய்தி போலப் பாருங்கள்

தமிழ் நாளிதழ்கள், இணையதளங்கள், செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் நிருபர்களும் உதவி ஆசிரியர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

கொலை வழக்கில் ஒருவர் கைதானால் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றுதான் எழுத வேண்டும் எனப் பயிற்சிக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறோம். அதே நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இது இளைப்பாறும் பக்கம், இங்கே தப்பு வந்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்ற நினைப்பு. உண்மைதான், போடுவதில்லை. பலருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை.

ஊக்கமருந்துச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். சிறுநீர் மாதிரியை எடுக்கும்போதே ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிடுகிறார்கள். ஏ குப்பியில் தடைசெய்த பொருள் தெரிந்தால், அது ஆய்வகம் சொல்லும் முதல் தகவல். மருத்துவக் காரணத்துக்காக அந்தப் பொருளுக்கு விலக்கு வாங்கியிருக்கிறாரா என்று அடுத்துப் பார்ப்பார்கள். பிறகு வீரருக்கு அறிவிப்புப் போகும். பி குப்பியைத் திறந்து சோதிக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. பி-யில் அது உறுதியாகாவிட்டால் வழக்கமாக விவகாரம் அங்கேயே முடிகிறது. உறுதியானால் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும், அதற்கு மேல் முறையீட்டுக் குழு இருக்கிறது. நம் பக்கங்களிலோ ஏ குப்பியின் முடிவு கசிந்த அன்றே 'ஊக்கமருந்தில் சிக்கினார், 4 ஆண்டு தடை' என்று வந்துவிடுகிறது. அந்த 4 ஆண்டு எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதியில் 'குறிப்பிட்ட பொருள்' என்று, ஊக்கத்துக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காகவும் எடுத்திருக்க வாய்ப்பு அதிகமுள்ள பொருள்களுக்குத் தனியே ஒரு வகை இருக்கிறது. அதில் வேண்டுமென்றே எடுத்தார் என்று நிரூபித்தால்தான் 4, இல்லாவிட்டால் கணக்கு 2 ஆண்டிலிருந்து தொடங்கும். விசாரணை முடியும்வரை ஆடவிடாமல் வைக்கும் தற்காலிக நீக்கம் தீர்ப்பும் அல்ல.

பொருளின் பெயர், அது எந்த வகை, விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, வீரர் என்ன சொல்கிறார் ஆகிய நான்கும் இல்லாத ஊக்கமருந்துச் செய்தியை அச்சுக்கு அனுப்பாதீர்கள். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. நம் ஊர்ப் பிள்ளை என்றால் 'தெரியாமல் சாப்பிட்ட இருமல் மருந்து' என்று நாமே விடுதலை செய்துவிடுகிறோம். உடலில் என்ன சேர்ந்தாலும் வீரரே பொறுப்பு என்பது விதி. தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தண்டனை குறையலாம், அந்த வேலை அவருடையது, நம்முடையது அல்ல.

பெண்களின் உடல் பற்றிய செய்தியில் நம் தொழிலுக்குப் பழைய கடன் ஒன்று இருக்கிறது. 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜனின் பதக்கம் பறிக்கப்பட்டபோது, மருத்துவ ரகசியமாக இருந்திருக்க வேண்டிய பாலினப் பரிசோதனை முடிவு தலைப்புச் செய்தியானது. அது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2025 செப்டம்பர் முதல், உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில் பெண்கள் பிரிவில் போட்டியிட வருபவர்கள் வாழ்நாளில் ஒருமுறை எஸ்ஆர்ஒய் (ஆண் பாலின வளர்ச்சியைத் தூண்டும் மரபணு) சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதித்திருக்கிறது. இனி ஒரு வீராங்கனை பெயர் பட்டியலில் இல்லையென்றாலே 'ஏன்?' என்று ஊகம் கிளம்பும். காயமாக இருக்கலாம், தகுதி நேரத்தை எட்டாமல் இருந்திருக்கலாம், குடும்பச் சூழலாகவும் இருக்கலாம். அவரோ கூட்டமைப்போ காரணத்தை வெளிப்படையாகச் சொல்லும்வரை 'அணியில் இடம்பெறவில்லை' என்பதோடு நிறுத்துங்கள்.

பயிற்சியாளர் மீது பாலியல் புகார் வரும்போது இன்னொரு சறுக்கல். சிறுமியின் பெயரை விட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரோடு முகவரி, படம், குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று அடையாளம் காட்டும் எதையும் தடுக்கிறது. '14 வயதுக்குட்பட்டோர் மும்முறைத் தாண்டுதலில் மாநிலத் தங்கம் வென்றவர்' என்று எழுதினால், சங்கத்தின் தளத்தில் கிடக்கும் ரிசல்ட் ஷீட்டைத் திறக்கிற எவருக்கும் பெயர் கிடைத்துவிடும். விளையாட்டில் பதக்கமும் பிரிவும் ஆண்டும் சேர்ந்தாலே அது முகவரிதான். புகார் செய்தியில் போட்டி, பிரிவு, பதக்கம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். மீறினால் சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. அதே பிரிவு வெளியீட்டாளரையும் உரிமையாளரையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது என்பதை நிர்வாகத்துக்கும் நினைவூட்டுங்கள்.

யாரையும் குற்றம் சாட்டாத தவறுகளும் உண்டு. மாவட்டப் போட்டிகளில் பெரும்பாலும் ஸ்டாப்வாட்ச்தான். கையால் அளந்த நேரத்தை விநாடியின் அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்திப் பதிய வேண்டும்: கடிகாரம் 10.31 காட்டினால் 10.4. அப்படிப் பதிந்தாலும், துப்பாக்கி வெடிப்பதற்கும் கட்டைவிரல் அழுத்துவதற்கும் உள்ள இடைவெளியால் நேரம் குறைவாகவே விழும். அதனால் மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடியும் 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டுகிறார்கள். 10.4 என்பது ஏறத்தாழ 10.64. வாட்ஸ்அப்பில் வந்த '10.4', அழகுக்காக டெஸ்க்கில் '10.40' ஆகிறது. மின்னணு நேரத்தைத்தான் இரண்டு தசமத்தில் எழுதுவது வழக்கம் என்பதால் அந்தச் சுழியம் ஒன்றே அதை மின்னணு நேரமாக்கிவிடுகிறது, 'தேசிய சாதனையை நெருங்கினார்' என்ற தலைப்பும் வந்துவிடுகிறது. அடுத்த மாதம் மின்னணுக் கருவி உள்ள மைதானத்தில் அதே பையன் 10.70 ஓடினால் 'ஏமாற்றம்' என்று நாமே எழுதுகிறோம். காற்றும் அப்படித்தான். 200 மீட்டர் வரையிலான ஓட்டங்கள், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் ஆகியவற்றில் பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனைக் கணக்கில் சேராது. ரிசல்ட் ஷீட்டில் காற்றளவு இல்லையென்றால் 'சாதனை' என்ற சொல்லே வேண்டாம்.

சதுரங்கத்திலும் இதே கதை. பிரக்ஞானந்தா 2022இல் கார்ல்சனை வென்றது இணையவழி ரேபிட் (குறைந்த நேர) ஆட்டத்தில், 2024 நார்வே செஸ் தொடரில் வென்றது கிளாசிக்கலில் (நீண்ட நேர ஆட்டம்). இரண்டின் எடையும் வேறு. தலைப்பிலேயே ஆட்ட வகை இருக்கட்டும்.

சூதாட்ட விளம்பரம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பந்தய நிறுவனங்கள் 'விளையாட்டுச் செய்தித் தளம்' என்ற முகமூடியில் விளம்பரம் செய்வதை 2022இலேயே மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எச்சரித்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்கிறது. இலவசமாக வரும் ஸ்கோர் படத்தின் மூலையில் எந்தச் சின்னம் இருக்கிறது என்று பார்ப்பது இனி விளம்பரப் பிரிவின் வேலை மட்டுமல்ல.

இவை எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும் என்பீர்கள். ஐபிஎல் ஆட்டம் இரவு பதினொன்றரைக்கு முடிகிறது, பதிப்பு காத்திருக்கிறது, உள்ளூர்ப் போட்டி முடிவை அமைப்பாளர் அனுப்பியபடியே ஒட்டுகிறார்கள். அதனால்தான் கூடுதல் ஆள் கேட்காமல் அதிகாரம் கேட்கிறோம். இரவுப் பணியில் இருக்கும் மூத்த உதவி ஆசிரியர் ஒருவருக்கு, ஊக்கமருந்து, பாலியல் புகார், பாலினப் பரிசோதனை ஆகிய மூன்று வகைச் செய்திகளை மறுநாள் வரை நிறுத்திவைக்கும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். 'மற்றவர்கள் போட்டுவிட்டார்கள்' என்று காலையில் அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது.

திருத்தத்துக்கும் ஒரு விதி தேவை. தவறான செய்தியைக் கைப்பேசி அறிவிப்பாக அனுப்பியிருந்தால், திருத்தமும் கைப்பேசி அறிவிப்பாகவே போக வேண்டும். இணையத்தில் சத்தமில்லாமல் வரியை மாற்றிவிட்டுப் பழைய நேரத்தையே விட்டுவைக்காதீர்கள். எதை, எப்போது மாற்றினோம் என்று செய்தியின் தலைப்பகுதியில் எழுதுங்கள். வீரர் விடுவிக்கப்பட்டால், குற்றச்சாட்டு வந்த அதே பக்கத்தில், அதே அளவில் அந்தச் செய்தியும் வரட்டும். முதலில் இந்த ஒன்றையாவது அடுத்த ஆசிரியர் குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவே இல்லை.

இப்படிக்கு,
விளையாட்டுப் பிரிவு நிருபர்கள், உதவி ஆசிரியர்கள் சிலர்