பினாங்குக் கொடிமலைக்குக் கைத்துப்பாக்கி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலையேறிகளின் தற்காப்பு பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இடுப்பில் கைத்துப்பாக்கியும் முதுகில் பெரிய பையுமாக நிற்கும் அமெரிக்கரின் படத்தைப் போட்டு, நம்மவர்களும் இதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று முடித்திருந்தார்கள். யோசிப்பதில் தவறில்லை. ஆனால் படத்தில் துப்பாக்கி இருக்கும் இடமே தவறு.

கனமான முதுகுப்பையின் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குவது இடுப்புப் பட்டைதான். துப்பாக்கி உறையும் அதே இடுப்பெலும்பின் மேல்தான் வந்து உட்காரும். பட்டை உறையை அமுக்கும், உறை இடுப்பை அறுக்கும், அவசரத்துக்குப் பிடியில் கை நுழையாது. அதனால்தான் அமெரிக்காவில் கரடி நடமாடும் அலாஸ்கா, மொன்டானா பக்கம் நடப்பவர்கள் மார்புக்குக் குறுக்கே பட்டை போட்டு, நெஞ்சுக்குழிக்குக் கீழே உறை வருமாறு கட்டிக்கொள்கிறார்கள். அந்த உறை விசைப் பகுதியை முழுக்க மூட வேண்டும். புதரில் உரசினாலும் குப்புற விழுந்தாலும் துப்பாக்கி நழுவாதபடி பிடித்து வைக்க வேண்டும். பைக்குள் வைத்திருப்பதும் வீட்டில் வைத்துவிட்டு வருவதும் ஒன்றுதான். பாயும் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 30 மீட்டர் தூரத்துக்கு அதற்கு ஏறத்தாழ 2 விநாடி. பையின் ஸிப்பைத் தேடவே நமக்கு அதற்கு மேல் ஆகும்.

எந்தத் துப்பாக்கி என்பதிலும் கட்டுரை மேலோட்டமாகவே போகிறது. கரடிக் காட்டில் பெரும்பாலும் பார்க்கக் கூடியவை இரண்டு: 1955-இல் வந்த 44 மேக்னம் தோட்டாவுக்கான ரிவால்வர், அல்லது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் 10 மில்லிமீட்டர் அரைத் தானியங்கி. ரிவால்வரில் ஐந்தோ ஆறோ தோட்டாதான். ஆனால் விலங்கு மேலே விழுந்து, குழல்வாய் அதன் உடம்போடு ஒட்டியிருந்தாலும் சுடும். அரைத் தானியங்கி சிலவற்றில் 15 தோட்டா வரை கொள்ளும், எடையும் குறைவு. குழல்வாய் எதிலாவது அழுந்தி மேல்சட்டம், அதாவது குழலுக்கு மேல் முன்பின் நகரும் பகுதி, சற்றுப் பின்னுக்குப் போனால் மட்டும் விசையை இழுத்தும் பயனில்லை. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்துச் சுட்டால் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்வதும் உண்டு. பயந்த கைக்கு மணிக்கட்டு தளர்வது சாதாரணம். தோட்டாவும் வேறு. நகரத் தற்காப்புக்கு விற்கும் குழிமுனைத் தோட்டா உடலில் பட்டதும் காளான் போல விரிந்து, ஆழம் போகாமல் நின்றுவிடும். கரடியின் தடித்த தசையையும் எலும்பையும் தாண்ட வேண்டும் என்பதால் அங்கே கெட்டிப்படுத்திய ஈயத் தோட்டாவைப் போடுகிறார்கள். மேக்னம் தோட்டாவின் உதைக்கு, பழகாத கை மேலே எகிறிவிடும்; மறுபடி குறிக்கு வருவதற்குள் மிருகம் வந்துவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அந்த ஊர்ப் பூங்கா அதிகாரிகள் பல இடங்களில் முதலில் பரிந்துரைப்பது கரடி ஸ்ப்ரேயைத்தான் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. மிளகாய்க் காரம் நிறைந்த அந்தக் குப்பியிலிருந்து 7 முதல் 10 மீட்டர் வரை மேகம் போலப் புகை பாயும். குறி பார்த்துச் சுடத் தேவையில்லை, கரடிக்கும் நமக்கும் நடுவில் ஒரு திரை விழுந்தால் போதும். அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்து 2008-இல் வந்த ஆய்வில், பழுப்புக் கரடிகளிடம் அது 92 விழுக்காடு பலன் தந்திருந்தது. அதே ஆய்வாளர்கள் துப்பாக்கிச் சம்பவங்கள் 269-ஐ ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டபோது கைத்துப்பாக்கிக்குக் கிடைத்தது 84 விழுக்காடு. இரண்டு எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியல்ல. ஸ்ப்ரே அடிக்கப்பட்ட கரடிகளில் பல பாயாமல் வெறுமனே மோப்பம் பிடிக்க வந்தவை. காற்று எதிரே வீசினால் காரம் நம் கண்ணுக்குத்தான் வரும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: 2010 பிப்ரவரி முதல் அமெரிக்க தேசியப் பூங்காக்களில், அந்தந்த மாநிலச் சட்டம் இடம் தந்தால், துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் அவற்றில் ஒன்றான யோசெமிட்டியில் கரடி ஸ்ப்ரேக்குத் தடை.

கட்டுரை தொடாத ஒன்று, அங்கே சுற்றுலா போகும் நம்மவர்களைப் பற்றியது. சுற்றுலா விசாவில் நுழைந்த வெளிநாட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நண்பர் இரவல் தந்தார் என்பது விதிவிலக்கில் வராது. கரடி ஸ்ப்ரேயை அங்கே இறங்கித்தான் வாங்க வேண்டும். கிளம்பும்போது விட்டுவிட்டு வர வேண்டும். விமானத்தில் கைப்பையிலும் கூடாது, சரக்குப் பையிலும் கூடாது.

இனி நம் மலேசியா. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் தருவதும் மறுப்பதும் மாநிலக் காவல்துறைத் தலைவர் கையில். பழத்தோட்டக்காரர்கள் பன்றிக்காக ஷாட்கன் வைத்திருப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை நடைக்குக் கைத்துப்பாக்கி கேட்பது வேறு. உரிமமில்லாமல் வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் சொல்கிறது. வெளிநாட்டுச் சுடுதளத்தில் நினைவுக்கு எடுத்த ஒற்றைத் தோட்டா பெட்டியில் இருந்தாலும் வில்லங்கம்தான்.

சட்டத்தை விடுங்கள், எதைச் சுடப் போகிறோம்? பினாங்குத் தீவுக் காட்டில் புலியும் இல்லை, கரடியும் இல்லை. தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலைக்கு ஜீப் பாதையில் ஏறினாலும் மூன் கேட் படிகளில் ஏறினாலும் எதிரே வருவது குரங்கு, தெருநாய், எப்போதாவது காட்டுப்பன்றி, கிளையோடு கிளையாகப் பாம்பு.

குரங்குக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பே சாப்பாட்டு மணி. பை எதையும் கையில் தொங்கவிடாமல், தின்பண்டத்தை முதுகுப்பைக்குள் வைத்து மூட வேண்டும். பல்லைக் காட்டித் தலையை முன்னுக்குத் தள்ளினால் அது மிரட்டல். நாமும் பல் தெரியச் சிரித்தால் பதிலுக்கு மிரட்டுவதாகவே எடுத்துக்கொள்ளும். வாயை மூடி, கண்ணைப் பார்க்காமல், முதுகு காட்டாமல் மெல்ல விலகலாம். பறித்துவிட்டால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள்.

நாய்க்கு நல்லது குடை. மழைக்கும் ஆகும். ஓடாமல் பக்கவாட்டில் திரும்பி நின்று, நாயின் பக்கமாக மடக்கிய குடையைச் சட்டென்று விரித்தால் அநேக நாய்கள் பின்வாங்கும். கல்லெடுப்பது போலக் குனியும் நம் பழைய உத்தியும் பலிக்கும், நாய் பத்தடிக்கு அப்பால் இருந்தால். கிட்டே வந்தபின் குனிந்தால் முகத்தைத்தான் கொடுப்போம். காட்டுப்பன்றி குட்டிகளோடு வந்தால் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போகாமல் பாறைமேல் ஏறி வழிவிட வேண்டும். வளைவுகளில் முன்கூட்டியே கைதட்டினால் அவையே ஒதுங்கிவிடும்.

பாம்புக் கோயிலில் நாம் பார்க்கும் அதே குழிவிரியன் காட்டில் தாழ்ந்த கிளைகளில் நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஏறும்போது கையூன்ற கிளையைப் பிடிக்குமுன் ஒரு பார்வை போதும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதோ கீறுவதோ உறிஞ்சுவதோ கூடாது. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, 999-ஐ அழைக்க வேண்டும்.

நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும், காயம் சிறியதானாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2015-இல் பினாங்கிலேயே நாய்களிடம் வெறிநோய் கண்டது பலருக்கு மறந்திருக்கும். சோப்புக்காக ஒரு சிறு புட்டி, தலைவிளக்கு, விசில், 2 லிட்டர் தண்ணீர்: 44 மேக்னம் ரிவால்வரை மார்பில் சுமக்க நினைப்பவருக்கு இந்த எடை பெரிதாகத் தெரியாது.

இப்படிக்கு,
மலையேறும் வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.