படகில் டிராயர் ஃப்ரிட்ஜ் வைக்கப்போகும் மகளுக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய ஐஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு டிராயர் ஃப்ரிட்ஜ் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் மேல்மூடிப் பெட்டியைத் திறந்தாலும் குளிர் உள்ளேயே கிடக்கும், அது உண்மைதான். ஆனால் அடியில் இருக்கும் பாலை எடுக்க மேலே உள்ள அத்தனையையும் வெளியே வைக்க வேண்டும். சாய்ந்து ஓடுகிற படகில் அது நடக்கிற காரியமா? கதவு வைத்ததோ, திறந்த உடனே குளிரைக் காலடியில் கொட்டிவிடும், சாமானும் கூடவே வந்து விழும். உனக்கு டிராயர்தான் சரி.

எந்தப் பக்கம் இழுபட வேண்டும் என்பதை மாப்பிள்ளையோடு உட்கார்ந்து முதலில் முடிவு செய். பாய்மரப் படகு காற்றுக்கு இடமோ வலமோ சாயும். உங்கள் சமையல் மேடை ‘ட’ வடிவில் இருக்கிறது. குறுக்கே நிற்கும் சின்னக் கையில் வைத்தால் டிராயர் முன்பின்னாக இழுபடும், சாய்வின் பாரம் தாழ்ப்பாளில் அதிகம் ஏறாது. ஓரத்து நீளக் கையில் வைத்தால் எதிர்ப்பக்கம் சாயும்போதெல்லாம் நிறைந்த டிராயர் வெளியே வரத்தான் பார்க்கும். எங்கே வைத்தாலும் நன்றாகப் பிடித்துப் பூட்டுகிற தாழ்ப்பாள் இருக்க வேண்டும்.

அடுத்தது காற்று. ஃப்ரிட்ஜ் செய்வது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே விடுகிற வேலை. அந்தச் சூடு போக வழியில்லாமல் பலகைக்குள் அடைத்துவிட்டால் கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடும். கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு வை. கீழ்த் திறப்பு பில்ஜைப் பார்த்து, அதாவது படகின் அடிப்பள்ளத்தைப் பார்த்து, இருக்கக் கூடாது. சமையல் கேஸ் கசிந்தால் அங்கேதான் போய்த் தங்கும். அந்தச் சின்னக் கைக்குப் பின்னால் எஞ்சின் பெட்டி இருக்கிறதா என்று தட்டிப் பார். இருந்தால், கம்ப்ரஸரைப் பிரித்துத் தள்ளி வைக்கக்கூடிய மாடலாகக் கேட்டு வாங்கு.

இனி எழுதுவதை இரண்டு தடவை படி. இந்த 12 வோல்ட் ஃப்ரிட்ஜ்களில் பலவற்றில் இருப்பது டான்ஃபாஸ் கம்ப்ரஸர், 2010க்குப் பிறகு செகாப் என்ற பெயரில் வருகிறது. நல்ல சாதனம், 30 டிகிரி சாய்விலும் ஓடும். ஆனால் வோல்டேஜ் குறைந்தால் கிளம்பாது. பேட்டரியிலிருந்து 4 மீட்டர் தூரம் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் வயர், 6 மீட்டர் என்றால் 6. கம்ப்ரஸர் செய்கிறவர்கள் கொடுக்கும் கணக்கே அதுதான், நான் கூட்டிச் சொல்லவில்லை. விளக்குக்குப் போகிற பழைய வயரில் கொக்கி போட வேண்டாம். நேராகப் பேட்டரிக்குத் தனி வயர், ஈயம் பூசிய செம்பாக இருக்கட்டும், பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ்.

எந்தப் பேட்டரி? எஞ்சின் ஸ்டார்ட் செய்கிற பேட்டரியை ஃப்ரிட்ஜ் தொடவே கூடாது. ஓடும்போது 4 ஆம்ப் இழுக்கிறது, நாளில் பாதி நேரம் ஓடுகிறது என்று வை. 12 மணி நேரத்துக்கு 48 ஆம்பியர்-மணி போய்விடும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால், ஒரு நாளிலேயே அது தீர்ந்த கணக்குதான். கம்ப்ரஸர் தானாக நின்றுகொள்ளும் என்று கடைக்காரர் சொல்வார். நிற்கும், ஆனால் 10.4 வோல்ட்டில் நிற்கும். அதற்குள் ஈய பேட்டரி செத்தே போயிருக்கும். கம்ப்ரஸரை இயக்குகிற கண்ட்ரோலரில் ஒரு ரெசிஸ்டர் போட்டு அந்த அளவை உயர்த்தலாம். மாப்பிள்ளையிடம் சொல், அவருக்கு அது பெரிய வேலை இல்லை.

கோடையில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டி பிரான்ஸில் இருக்கும் ஷெர்போர்க் போகப்போவதாக எழுதியிருந்தாய். அந்தக் கால்வாயில் கப்பலில் போனவன் நான். பெரிய கப்பலை ஓட்டுகிற மேலறையில் நின்றால் உன் படகு ஒரு புள்ளி. இரவில், மழையில், அதுகூடத் தெரியாது. அந்தக் கப்பலால் நினைத்த உடனே திரும்பவோ நிற்கவோ முடியாது. காற்று செத்துப் பாய் தொங்குகிற நேரத்தில் நீங்கள் ஒதுங்க வேண்டியது எஞ்சினால்தான். சாவியைத் திருகினால் அது கிளம்ப வேண்டும். பாலும் மீனும் கெட்டால் கெடட்டும்.

பெட்டி வந்ததும் உடனே ஸ்விட்ச் போடாதே. படுக்கவைத்துக் கொண்டு வந்திருப்பார்கள். சில மணி நேரம் நிமிர்ந்து நிற்கட்டும், எண்ணெய் இறங்கட்டும். ஆர்டர் கொடுக்கும் முன்பே படகின் இறங்கு வாசலை அளந்துகொள், உறையோடு நுழையாவிட்டால் தாழ்ப்பாளையும் கைப்பிடியையும் கழற்ற வேண்டியிருக்கும்.

வயர் இழுத்து முடித்ததும், கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், கம்ப்ரஸர் முனையில் எத்தனை வோல்ட் என்று மீட்டர் வைத்துப் பார்த்து இரண்டையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா
தூத்துக்குடி