கடிகாரத்தின் கீழே நின்றவள் எழுதுவது

அன்புள்ள தங்கைக்கு,

உன் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது என்று கேள்விப்பட்ட பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். நான் நேரில் வரவில்லை. வந்திருந்தால், வாசலில் கூடியிருக்கும் உறவினர் முன்னால் என்னிடம் பேசுவதா வேண்டாமா என்று நீ தவிக்க நேர்ந்திருக்கும், அந்த நாளில் உனக்கு அந்தச் சங்கடத்தைத் தரக்கூடாது என்று எண்ணினேன். உன் முகத்தைப் பார்க்க அஞ்சினேன் என்பதும் உண்மை. என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் இதைப் பொதுவில்தான் எழுத வேண்டியிருக்கிறது. நம் இருவரையும் அறிந்தவர்கள் படிப்பார்கள் என்பதால் சில பெயர்களையும் சில செய்திகளையும் விட்டுவிடுகிறேன். விட்டவை எவை என்று உனக்குத் தெரியும்.

ஸ்பெயினில் நாம் சேர்ந்து படித்த சலமாங்கா நகரின் அந்த ஓர் இரவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பர், மார்கழி பிறக்கவிருந்த வாரம், வியாழக்கிழமை. 1218-இல் தோன்றிய பல்கலைக்கழகத்துக்கு எண்ணூறு ஆண்டு நிறைந்ததை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. டிசம்பர் 31 அன்று எல்லோரும் சொந்த ஊரில் குடும்பத்தோடு இருப்பார்கள் என்பதால், மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு புத்தாண்டு இரவை இரண்டு வாரம் முன்னதாகவே வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே 1999 முதல் உண்டு. ஸ்பெயின்காரர்கள் புத்தாண்டின் பன்னிரண்டு மணியடிக்குப் பன்னிரண்டு திராட்சை தின்பார்கள். மாணவர்கள் ஜெல்லி மிட்டாய் தின்பார்கள். நம் இருவருக்குமான இரண்டு பொட்டலங்களையும் என் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பதினொரு மணிக்கு வருவதாக நீ சொன்ன இடத்தில், ஊரின் நடுச் சதுக்கமான பிளாசா மயோரில் கடிகாரத்தின் கீழே நான் நின்றேன். அந்த ஊரில் யார் யாரைச் சந்திப்பதானாலும் அந்தக் கடிகாரத்தின் கீழேதான் சந்திப்பார்கள் என்பதால், என்னைச் சுற்றிக் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகத் தங்கள் ஆட்களைக் கண்டு கட்டிக்கொண்டு நகர்ந்துபோனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பதினொன்றே முக்காலுக்கு உன்னைக் கண்டேன். எதிர்ப்புற வளைவுகளின் அருகே, யாருடன் என்பது படிப்பவர்களுக்குத் தேவையில்லை, நான்கைந்து பேர் நடுவே கைகளைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தாய். என் அரக்கு நிறச் சால்வை உன் கழுத்தில் இருந்தது. விளக்கொளியில் சதுக்கத்துக் கட்டடங்களின் மஞ்சள் கல்லின் நிறம் உன் முகத்திலும் படிந்திருந்தது. நீ தலையை உயர்த்தி மணி பார்த்தாய். கடிகாரத்தைப் பார்த்த கண் அதன் கீழே நிற்பவளைப் பார்க்கவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்தக் கூச்சலில் உன் காதில் விழுந்திருக்காது என்று இவ்வளவு காலம் சொல்லிவந்தேன். நான் கூப்பிடவில்லை, தங்கையே. நீயாக வருகிறாயா என்று பார்ப்போம் என்று வீம்பாக நின்றேன்.

அப்போதுதான் என் கைப்பேசி அதிர்ந்தது. நமக்கு நள்ளிரவு என்றால் கும்பகோணத்தில் காலை நாலரை. முந்தைய மாலையிலிருந்து நீ எடுக்காததால் இரவெல்லாம் தூங்காமல், வாசல் தெளிக்க எழுந்த கையோடு அம்மா என்னை அழைத்திருந்தார். “நாளைக்குப் பரீட்சை, சீக்கிரம் படுத்துவிடுவேன் என்றாளே, உடம்புக்கு ஏதாவதா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நூறு பதில்கள் இருந்தன. தூங்குகிறாள் என்று சொல்லியிருக்கலாம். விடிந்ததும் பேசச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். “பரீட்சை எதுவும் இல்லை அம்மா, அவள் இங்கே கூட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கிறாள்” என்று நான் சொன்னேன். சொல்லி முடித்ததும் மணி அடிக்கத் தொடங்கியது. பன்னிரண்டு அடியும், ஒவ்வோர் அடிக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுப்பிய கூச்சலும் அம்மாவின் காதில் விழுந்தன. அவர் அருகில் இன்னொருவரும் விழித்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பெற்றவள் கேட்கும்போது பொய் சொல்ல எனக்கு வராது என்று எல்லோரிடமும் சொன்னேன். மீனம்பாக்கத்தில் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்து, “உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்” என்று சொன்னதையும் சொன்னேன். இரண்டும் நடந்தவைதான். ஆனால் அந்த நிமிடத்தில் என் வாயைத் திறந்தது அவை அல்ல. முக்கால் மணி நேரம் குளிரில் நின்ற கோபம் திறந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஏழு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. என்னை மன்னித்துவிடு.

இதைப் படிக்கும் மற்றவர்கள் உன்னைத் தவறாக எண்ணிவிடக்கூடாது என்பதற்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் பத்து மணிக்குத்தான் இரவு உணவு. பன்னிரண்டுக்கு மேல்தான் தெருவில் மாணவர்கள் நிறைவார்கள். ஆட்டக்கூடங்கள் மூன்று மணிக்குச் சூடு பிடிக்கும். விடியும்போது சூடான சாக்லேட்டில் சுரோஸ் என்னும் பொரித்த பலகாரத்தைத் தோய்த்துத் தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள். வெள்ளிக்கிழமை பலர் பேருந்து ஏறி ஊருக்குப் போய்விடுவதால் வியாழன் இரவுதான் மாணவர்களின் இரவு. வான் டைக் தெருவில் ஒரு சிறு கோப்பையையும் ஒரு துண்டு வாட்டிய இறைச்சியையும் முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். நீ அங்கேதான் ஸ்பானியம் கற்றாய். நான் அறையில் உட்கார்ந்து வினைத்திரிபுகளை நெட்டுருச் செய்துகொண்டிருந்தபோது, நீ சண்டை போடவும் வேடிக்கை பேசவும் அந்த மொழியில் பழகிவிட்டிருந்தாய். வீட்டுக்கார அம்மாள் என்னிடம் மெதுவாகப் பேசுவார். உன்னிடம் வழக்கமான வேகத்தில் பேசுவார். அது எனக்கு வலித்தது. பொறாமைதான். நீ நண்பர்களிடம் சொன்னது அந்த அளவுக்குச் சரி.

ஆனால் எல்லோரிடமும் சொன்ன நீ என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. உன் வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை. என் பக்கம் நடந்ததை எழுதலாம். உன் அறைக்கும் சேர்த்து ஜூன் வரை நான் வாடகை கொடுத்தேன். அதற்காக மாலையில் ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். ஆய்வுரையை இரவு இரண்டு மணிக்கு மேல் எழுதினேன். உன் பூட்சுகளையும் குறிப்பேடுகளையும் துணிகளையும் மடித்துப் பெட்டியில் அடைத்தவளும் நான்தான். உன்னைப் பற்றிக் கேட்ட ஒவ்வொருவரிடமும் உடல்நலம் சரியில்லை என்று பொய் சொன்னேன். அம்மாவிடம் சொல்ல வராத பொய் அவர்களிடம் வந்தது.

பல்கலைக்கழக முகப்பில் மண்டையோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் கல் தவளையை யார் காட்டாமலும் தானாகக் கண்டுபிடிக்கும் மாணவர் தேர்ச்சி பெறுவார் என்பார்கள். நீ இரண்டாம் நாளே கண்டுபிடித்தாய். நான் நீ விரல் நீட்டிக் காட்டித்தான் பார்த்தேன். பட்டம் என் கைக்கு வந்த நாளில் அந்த முகப்பின் எதிரே நின்று அழுதேன். யாருக்காக என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. ஆசையில் விழுந்தால் அழிவு என்று மாணவர்களை எச்சரிக்கவே அதைச் செதுக்கினார்கள் என்றும் ஒரு விளக்கம் உண்டு. அந்த விளக்கத்தை உனக்குப் பொருத்திப் பேசியவர்களோடு நான் அப்போதே பேச்சை நிறுத்திவிட்டேன். உனக்கு இது தெரிந்திருக்காது.

தெரியாத இன்னொன்றும் உண்டு. 2019 பிப்ரவரியில் அம்மா மறுபடி என்னை அழைத்தார், அதே நாலரை மணிக்கு. உன் பெட்டியைப் பற்றிக் கேட்கத்தான் முதலில் அழைத்தார். பிறகு வாரம் ஒருமுறை அழைத்தார். மார்ச் இறுதியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதும் அவர் அழைப்பு எனக்கு நள்ளிரவு ஒரு மணிக்கு வரத் தொடங்கியது. நான் விழித்தே இருப்பேன். வாளியில் தண்ணீர் விழும் ஓசையும், பிறகு துடைப்பத்தின் ஓசையும் கேட்கும். அந்தச் சதுக்கம் கும்பேஸ்வரர் கோயில் பிராகாரத்தைவிடப் பெரியதா என்று கேட்டார். கல் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். பக்கத்தில் வில்யமயோரில் வெட்டும் கல் என்றும், வெட்டும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட்டு இறுகிப் பொன்னிறம் கொள்ளும் என்றும் சொன்னேன். நீ நடந்த தெருக்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் சென்னைக்குத் திரும்பிய பிறகும் மாதம் ஒருமுறையாவது பேசினார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த வாக்கை இப்போது மீறுகிறேன்; மறுபடியும் ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்கிறேன் என்பது எனக்குப் புரிகிறது.

2023-இல் ஒருநாள் திடீரென்று கேட்டார்: “அன்றைக்கு ஆடிக்கொண்டிருக்கிறாள் என்றாயே, சிரித்துக்கொண்டிருந்தாளா?”

ஆமாம் என்றேன். எப்படி என்றார். தலையைப் பின்னால் சாய்த்து, பல்லெல்லாம் தெரிய என்றேன்.

“காவிரியில் குளிக்க இறங்கினால் சின்ன வயதில் அப்படித்தான் சிரிப்பாள்” என்றார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பால்காரர் வந்துவிட்டார் என்று வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வியை அவர் அந்த இரவே கேட்டிருந்தால் என்று நான் எண்ணாத நாள் இல்லை. கேட்கும் இடத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

உன் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு முறை வீடு மாறியபோதும் கூடவே எடுத்து வந்தேன். பூட்சுகளின் அடியில் மட்டும் பசை விட்டிருக்கிறது. மற்றவை நான் மடித்து வைத்தபடியே இருக்கின்றன. உன் அண்ணன் சென்ற ஆண்டு ஒருவர் மூலமாகக் கேட்டனுப்பினார், நான் கொடுக்கவில்லை. இனியும் யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை. அதை உன் கையில்தான் தருவேன். சால்வையை நீயே வைத்துக்கொள்.

உன் அக்கா